கரடிபிடிச்சான் தவறணையின் சத்தியக் கடதாசி

இதனால் சத்தியம் செய்து சொல்வது என்னவென்றால், கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. புதூர் நாகதம்பிரான் சாட்சி. இதில் ஒரு சொல்லாவது பொய்யென்றால் நாகம் வந்து கடிக்கட்டும். கடித்தால் விஷம் ஏறவேண்டும் என்று சொல்லவில்லை. கடிக்கட்டும் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறது. சத்தியம் செய்கிறபோது அளவாகச் செய்யவேண்டும்.

வன்னியில் சத்தியம் என்பது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, அது ஒரு கடதாசி. ஊர் ஊராய் இடம்பெயர்ந்து பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் கலியாணப் பதிவும் தொலைத்த சனம், சமாதான நீதவானுக்கு முன்னால் போய்ச் சத்தியக் கடதாசி முடித்துத்தான் மறுபடியும் பிறந்தது, மறுபடியும் கலியாணம் கட்டியது. தவராசா பிறந்ததும் அப்படித்தான். அவருடைய தாயார் சொல்லிவைத்த பிறந்தநாள் ‘புயலுக்கு அடுத்த கிழமை’. எந்தப் புயல் என்று கேட்க அவா உயிரோடு இல்லை. ஆகவே கடதாசி முடித்த திகதியையே பிறந்த திகதியாகப் போட்டு, வருஷத்தை மட்டும் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டார்கள். அந்தக் கடதாசியின்படி அவருக்கு இப்போது எழுபத்தொரு வயது.

தவராசா, கரடிபிடிச்சான் கள்ளுத் தவறணையின் மனேஜர். ஏ-ஒன்பது வீதியில் கனகராயன்குளத்தில் இறங்கி, கிழக்கே காட்டுப்பாதையில் ஏழு கட்டை தூரம் போனால் கரடிபிடிச்சான் வரும். கரடியை மனிதன் பிடித்ததால் வந்த பெயரா, மனிதனைக் கரடி பிடித்ததால் வந்த பெயரா என்று ஊரில் முன்பு இரண்டு கட்சி இருந்தது. இப்போது கட்சி கட்ட ஆளில்லை. ஐம்பத்திரண்டு வீட்டில் முப்பத்தொன்று பூட்டு. மிச்ச வீடுகளின் இளந்தாரிகள் வேலைக்கென்று கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் போய்விட்டார்கள். பொங்கலுக்கு வரும்போது ரின்னில் அடைத்த பியரைத் தாங்களே கொண்டுவந்து, தவறணைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, “என்ன தவமண்ணை, இன்னும் இருக்கிறியளோ?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். தவறணையைக் கேட்கிறார்களா தன்னைக் கேட்கிறார்களா என்று அவருக்கு விளங்குவதில்லை. இரண்டுக்கும் சேர்த்து, “ஓம், இருக்கிறன்” என்பார்.

தவறணை குளக்கட்டுக்குக் கீழே இருந்தது. அரைச்சுவர், தகரக்கூரை, எதிரெதிரே இரண்டு சீமெந்து வாங்கு. ஒரு வாங்கில் பன்னிரண்டு பேர் நெருங்கி இருக்கலாம். பின்பக்கம் ஒரு சின்ன அறை. ஆறு வருஷத்துக்கு முன் மனைவி ஜெகதீஸ்வரி செத்த பிறகு தவராசா தன் வீட்டைப் பூட்டிவிட்டு அந்த அறைக்கே வந்துவிட்டார். வீட்டில் மூன்று அறையும் ஒரு குசினியும் இருந்தன. ஒரு ஆள் மூன்று அறையில் இருந்தால் எந்த அறையில் இருக்கிறார் என்று அவருக்கே சில நேரம் தெரியாமல் போகிறது என்பது அவர் சொன்ன காரணம்.

மகள் சுதாஜினி நோர்வேயில். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் எடுப்பாள். இரண்டு நிமிஷம் கதைத்துவிட்டு, “அப்பா, போனை வையாதேங்கோ, சமைச்சுக்கொண்டு கதைக்கிறன்” என்று போனைக் குசினி மேசையில் சாத்திவைப்பாள். பிறகு கத்தி பலகையில் விழுகிற சத்தம், தண்ணீர்ச் சத்தம், யாரோ வந்து வேறு மொழியில் எதையோ கேட்கிற சத்தம். தவராசாவுக்கு அவள் வீட்டு முகட்டில் ஒரு வெள்ளை விளக்கு மட்டும் தெரியும். முக்கால் மணித்தியாலம் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவராக ஒருநாளும் வைத்ததில்லை.

தவறணையில் தொழில் நடக்கும் முறை இது. காலையில் பதினொரு பனை ஏறிக் கள் இறக்கிக்கொண்டு வருபவன் ஆண்டியப்பன். அதை அளந்து வாங்குபவர் தவராசா. பெரும்பங்கைப் பனைக் கூட்டுறவுச் சங்கத்து வாகனம் வந்து, போத்தலில் அடைப்பதற்கு ஏற்றிக்கொண்டு போகும். மிச்சத்தைப் பிளாவில் வாங்கிக் குடிப்பவன் மறுபடியும் ஆண்டியப்பன். பிளா என்பது பனையோலையை மடித்துக் கட்டிய குடிக்கிற ஏனம். கொண்டுவருபவனும் குடிப்பவனும் ஒருவனே என்றால் நடுவில் ஒரு மனேஜர் எதற்கு என்று ஆண்டியப்பன் ஒருநாள் கேட்டான்.

“ஆண்டி, கோயில்லயும் நீ கொண்டுபோற தேங்காயைத்தான் உடைச்சு உனக்கே தாறாங்கள். அதுக்காக ஐயர் வேண்டாமெண்டு சொல்லுவியோ?” என்றார் தவராசா.

ஆண்டியப்பன் யோசித்துப் பார்த்துவிட்டு இரண்டாவது பிளாவை நீட்டினான். அவன் குடும்பம் மலையகத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் வன்னிக்கு வந்தது. ஐம்பது கடந்தவன். பேச்சு குறைவு. பொய் சொல்லத் தெரியாதவன் என்று பெயர் எடுத்தவன். இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம். தினமும் இரண்டு பிளாவும் ஒரு மணித்தியாலமும் தவறணையில் இருப்பான். அந்த ஒரு மணித்தியாலம் முழுக்கத் தவராசா கதைப்பார். மிச்ச இருபத்துமூன்று மணித்தியாலத்துக்கும் சேர்த்துக் கதைப்பார்.

அப்படி இருக்கையில்தான் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஆள் வராத தவறணைகளை மூடிக் கனகராயன்குளத்துத் தவறணையோடு சேர்ப்பதாகத் தீர்மானம். ஆனால் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட தவறணை என்றால் மூடப்படாது, ‘பழைய தவறணை’ என்று பட்டியலில் சேர்த்துக் கூரையும் மாற்றித் தரப்படும். அதற்கு அந்தத் தவறணையின் வரலாறும், நடத்தியவர்களின் பெயரும், ஒரு சாட்சியும் வேண்டும். கடதாசிகள் தொலைந்திருந்தால் சத்தியக் கடதாசி போதும்.

தவராசா கடிதத்தை மூன்று தரம் படித்தார். மூடினால் ஆண்டியப்பன் கள்ளை நேரே வீதிக்குக் கொண்டுபோய் விடுவான். ஒருநாளில் தவராசாவுக்கு முன்னால் வந்து இருக்கிற ஒரே முகம் அதோடு போய்விடும். விஷயம் அவ்வளவுதான். கள் ஒரு விஷயமே இல்லை.

“ஆண்டி, நீதான் சாட்சி” என்றார்.

“நான் வந்த பொறகு நடந்ததக் கேளுங்கண்ணே, சொல்றேன். அதுக்கு முந்தினது எனக்கு எப்படித் தெரியும்?”

“நான் சொல்லுறன். நீ தலையை ஆட்டு.”

“தலைய ஆட்டுறதும் பொய்தாண்ணே” என்று சொல்லிவிட்டு ஆண்டியப்பன் எழுந்து போனான்.

படிவம் நிரப்ப வந்தவர் சங்கத்து உத்தியோகத்தர் தாட்சாயினி. முப்பத்தைந்து வயது இருக்கும். காட்டுப்பாதைப் புழுதி முழுவதையும் ஸ்கூட்டியோடு கொண்டுவந்து, தலைக்கவசத்தைக் கழற்றி வாங்கில் வைத்து, அதற்குப் பக்கத்தில் தானும் இருந்தாள். தவராசா காலையிலேயே முகம் வழித்து, வழிக்கும்போதே கண்ணாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்து, வெள்ளைச் சேட்டும் போட்டு ஆயத்தமாக நின்றார். ஆண்டியப்பன் எதிர் வாங்கில், முதல் பிளாவோடு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிற முகத்தோடு இருந்தான்.

“ஐயா, படிவத்தில நாலு கோடுதான் விட்டிருக்கு. சுருக்கமாச் சொல்லுங்கோ” என்றாள் தாட்சாயினி.

“சுருக்கமாச் சொன்னால் பொய் மாதிரி இருக்கும் பிள்ளை.”

“சரி, நீட்டாச் சொல்லுங்கோ. நான் எழுதத்தான் வந்தனான், நம்ப வரேல்லை.”

தவராசா தொண்டையைச் செருமினார்.

முதல் மனேஜர் கணபதி. ஐம்பத்தாறாம் ஆண்டு குளத்துக்குக் கீழே காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வடமராட்சியிலிருந்து பெண்சாதியோடும் ஒரு மண்வெட்டியோடும் வந்தவர். வயல் விளையுமட்டும் சீவனத்துக்குக் குளக்கட்டுப் பனையில் தனக்கென்று மூன்று கள்ளு முட்டி கட்டினார். விடிந்து பார்த்தால் மூன்றும் வெறுமை. கள்ளன் என்று நினைத்துக் கத்தியோடு பற்றைக்குள் பதுங்கியிருந்தால், விடியப்புறத்தில் பனையிலிருந்து இறங்குகிறது கரடி.

“அதுவும் எப்பிடி? சீவல்காரன் மாதிரி, பின்பக்கமா, ஆறுதலா, ஒவ்வொரு காலா வைச்சு. இறங்கி, மரத்தில முதுகைச் சாய்ச்சுக்கொண்டு இருந்து அழுதது.”

“கரடி அழுமோ ஐயா?”

“வெறியில ஆர்தான் அழாதவை?”

சத்தம் கேட்டு ஊர்ச்சனம் கூடியது. கரடி அழுது களைத்து அங்கேயே படுத்து உறங்கிவிட்டது. எழும்பி ஓடினால் அது விழித்துவிடும் என்று பயந்து, வந்த அத்தனை பேரும் இருந்த இடத்திலேயே அசையாமல் இருந்தார்கள். வெயில் ஏறியது. தாகம் எடுத்தது. கணபதி மற்றப் பனையில் இறக்கியதை ஆளுக்கொரு பிளாவாக ஊற்றினார். மத்தியானம் கரடி கண்விழித்தபோது, சுற்றிவர முப்பது பேர் மரியாதையாக இருந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். கரடிக்கும் அந்தக் கூட்டம் பிடித்துப்போனது. அடுத்தநாள் அதே நேரத்துக்கு வந்தது. வரும்போது ஒரு தேன்வதையும் கொண்டுவந்தது.

“அப்பிடித்தான் தவறணை துவங்கினது. பதினாலு வருஷம். அது ஒருநாளும் ஒருத்தரையும் கீறினதில்லை. ஒருக்கால் ஊர் விதானையாரைக் கட்டிப்பிடிச்சது. அது பாசத்தில.”

“பாலைப்பழக் காலத்துல கரடி பழத்த விட்டுட்டுக் கள்ளுக்கு வராது” என்று ஆண்டியப்பன் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அந்த மாசம் அது லீவு” என்றார் தவராசா.

தாட்சாயினி பேனாவைக் கன்னத்தில் தட்டினாள். “கரடியை எந்த நிரலில போடுறது?”

“வாடிக்கையாளர் எண்டு போடுங்கோ.”

போட்டாள்.

கணபதி செத்தபோது கரடி செத்தவீட்டுக்கு வந்து, வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் காட்டுக்குள் போனது. திரும்பி வரவில்லை. இரண்டாவது மனேஜர் கணபதியின் விதவை இலட்சுமி. பெண்பிள்ளை தவறணை நடத்துவதா என்று முதல் மூன்று நாள் ஒருவரும் வரவில்லை. நாலாம் நாள் எல்லாரும் வந்தார்கள், ஒவ்வொருவரும் மற்றவரைத் தேடி வந்ததாகச் சொல்லிக்கொண்டு.

இலட்சுமி செய்த காரியம் இது. ஒரு காலபோக விதைப்பு நேரம் ஆம்பிளைகள் முழுப்பேரும் தவறணையிலேயே கிடந்தார்கள். வயல் உழாமல் கிடந்தது. இலட்சுமி ஒரு சொல்லும் பேசாமல் முட்டிகளின் உள்ளே சுண்ணாம்பு பூசிவிட்டா. சுண்ணாம்பு பூசிய முட்டியில் வடிகிற பாளைச்சாறு புளிக்காது, வெறிக்காது. அது இனிப்பான கருப்பணி. அதை அதே பிளாவில், அதே முகத்தோடு ஊற்றினா. விதைப்பிலிருந்து அரிவுவெட்டு வரைக்கும் முப்பது பேர் கருப்பணியைக் குடித்துப் பாட்டுப் பாடினார்கள், வாய்க்காலுக்குள் விழுந்தார்கள், ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார்கள். விடிய எழும்பினால் தலையிடி இல்லை, ஆகவே வயலுக்கும் போனார்கள்.

“ஒருத்தருக்கும் இனிச்சது தெரியேல்லையோ?” என்று தாட்சாயினி கேட்டாள்.

“தெரிஞ்சது பிள்ளை, எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா இலட்சுமியக்கா தனக்கு மட்டும் விசேஷமா இனிப்பா ஊத்துறா எண்டு ஒவ்வொருத்தனும் நினைச்சான். நினைச்சு, பக்கத்தில இருக்கிறவனுக்கு மூச்சுக் காட்டாமல் குடிச்சான்.”

தாட்சாயினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாற்பது வருஷத்தில், ஜெகதீஸ்வரியைத் தவிர, தன் கதைக்கு ஒரு பெண் சிரித்தது தவராசாவுக்கு இதுதான் முதல் தடவை. அவருக்கு அடுத்த சொல் ஒருகணம் மறந்துபோனது.

“பிறகு?”

“பிறகென்ன, பொங்கலண்டைக்கு இலட்சுமியக்கா எழும்பி நிண்டு விஷயத்தைச் சொன்னா. அந்த இடத்திலயே எல்லாருக்கும் வெறி முறிஞ்சுது. செல்வராசா எண்டு ஒரு ஆளுக்கு மட்டும் முறியேல்லை. அது மூண்டு வருஷம், சாகுமட்டும் அப்பிடியே நிண்டது.”

“சுண்ணாம்பு போட்டா யாருக்கும் ஏறாது” என்றான் ஆண்டியப்பன். “நான் நாப்பது வருஷமா மரம் ஏறுறேன். ஏறவே ஏறாது.”

“உன்னை ஆர் கேட்டது? சாட்சி சொல்ல மாட்டன் எண்டனி. பிறகேன் எதிர்ச்சாட்சி சொல்லுறாய்?”

“காது இருக்கில்லண்ணே.”

“காதை நான் மூடச் சொல்லேல்லை. வாயைத்தான் சொன்னன்.”

தாட்சாயினி படிவத்தின் மறுபக்கத்தைத் திருப்பினாள். நாலு கோடும் முடிந்து வெகுநேரம். “மூண்டாவது ஆர் ஐயா?”

“வின்சன்” என்றார் தவராசா.

வின்சன் முல்லைத்தீவுக் கரையோரத்து வேதக்காரப் பொடியன். கருவாட்டுச் சாக்கோடு சைக்கிளில் வந்தவன். கடலிலே பிறந்தும் கடலுக்குப் பயந்தவன். அலை அவனைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறதாம். அதனால் அலைச்சத்தம் கேட்காத ஊர் தேடி உள்ளே உள்ளே வந்து, கரடிபிடிச்சானில் நின்றான். ஒரு பிளா குடிக்க இருந்தவன் இருபத்திரண்டு வருஷம் எழும்பவில்லை. இலட்சுமி கண்மூடுமுன் தவறணையை அவன் கையில் கொடுத்தா, ஒருநாளும் ஒரு சொட்டும் கீழே சிந்தாமல் ஊற்றுகிறவன் அவன்தான் என்று.

அவன் காலத்தில்தான், சண்டை துரத்த, தவறணை இடம்பெயர்ந்தது. வேறு ஊர்களில் சனம்தான் இடம்பெயரும், இங்கே தவறணையும் சேர்ந்து போனது. ‘தவறணை’ என்று எழுதிய பலகையை வின்சன் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவான். மல்லாவியில் ஒரு புளியமரத்தில் அதைத் தொங்கவிட்டான். பொழுது படுமுன் கரடிபிடிச்சான் ஆட்கள் எங்கெங்கோ இருந்தெல்லாம் அந்த மரத்தடிக்கு வந்து சேர்ந்து, ஊரில் எந்த ஒழுங்கில் இருப்பார்களோ அதே ஒழுங்கில் நிலத்தில் இருந்தார்கள். ஊர் அங்கே வந்துவிட்டது. பிறகு திரும்பினார்கள். பிறகு மறுபடி. விசுவமடு, தேவிபுரம் என்று ஒவ்வொரு இடத்திலும் பலகை தொங்கியது. ஒவ்வொரு இடத்திலும் ஒழுங்கு அதே ஒழுங்கு, நடுவில் இடைவெளி மட்டும் கூடிக்கொண்டு வந்தது.

“கடைசிச் சண்டையில மாத்தளன்” என்றார் தவராசா. “ஆர் கடலுக்குப் பயந்து ஓடி வந்தானோ, அவனைக் கடற்கரையிலயே கொண்டுபோய் விட்டுது. கள்ளு இல்லை. ஏறப் பனை இல்லை, ஏற ஆளும் இல்லை. வின்சன் என்ன செய்தான் எண்டால், எங்கேயோ கிடந்த குருத்தோலையைக் கிழிச்சு, பதினொரு பிளா கட்டினான். மண்ணில வரிசையா வைச்சான். எங்கட ஆக்கள் பதினொரு பேர் மிச்சம். வந்திருந்து, வெறும் பிளாவை எடுத்து, குடிக்கிற மாதிரி அண்ணாந்து, கீழ வைச்சாங்கள். அடுத்தநாள் ஒன்பது பேர். அவன் பதினொண்டு வைச்சான். அதுக்கடுத்தநாள் ஆறு. அவன் பதினொண்டு வைச்சான்.”

இந்த இடத்தில் தவராசா ஒரு பகிடி வைத்திருந்தார். காலையில் முகம் வழிக்கும்போது அது நன்றாகத்தான் இருந்தது. இப்போது தேடினால் வாயில் வரவில்லை. அவர் குளக்கட்டைப் பார்த்தார். குளக்கட்டில் ஒரு மாடு நின்றது. மாடு அவரைப் பார்த்தது.

தாட்சாயினி எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தாள். எதிர் வாங்குப் பக்கம் திரும்பினாள்.

“அண்ணை, படிவத்துக்கு ஒரு சாட்சி வேணும். நான் கேக்கத்தான் வேணும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமோ?”

ஆண்டியப்பன் பிளாவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். பிளாவில் கள் அப்படியே இருந்தது. கரடியையும் சுண்ணாம்பையும் மறுத்த வாய் இதையும் மறுக்கும் என்று தவராசாவுக்குத் தெரியும். மறுத்தால் இன்றோடு முடிந்தது. அவர் தன் வெள்ளைச் சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றி மறுபடி பூட்டினார்.

“பன்னெண்டு” என்றான் ஆண்டியப்பன்.

“என்ன?”

“பதினொண்ணு இல்ல. பன்னெண்டு பிளா வச்சிருந்தாரு. வரிசையில பதினொண்ணு. ஒண்ணு மட்டும் கொஞ்சம் தள்ளி, தனியா.” அவன் குரல் எப்போதும்போல் தட்டையாகவே இருந்தது. “அது எந் தம்பிக்கு. அவன் இந்த ஊர் இல்ல. அதனால தள்ளி வச்சாரு. ஆனா வச்சாரு.”

தாட்சாயினி பதினொன்றை வெட்டிப் பன்னிரண்டு என்று எழுதினாள். எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் தன் சிறு கையொப்பமும் வைத்தாள், திருத்தம் செல்லுபடியாகவேண்டும் அல்லவா. பிறகு படிவத்தைத் திருப்பி நீட்ட, ஆண்டியப்பன் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துவிட்டு, எழுத்துக்கூட்டி, தன் பெயரை முழுதாக எழுதினான். ஒரு எழுத்துக்கு ஒரு மூச்சு.

“நாலாவது மனேஜர் நீங்கள்தானே ஐயா?”

“ஓம்.”

“உங்களைப் பற்றி என்ன எழுத?”

தவராசா யோசித்தார். இந்தக் கேள்விக்கு அவர் ஒன்றும் ஆயத்தம் செய்திருக்கவில்லை. “இருக்கிறார் எண்டு எழுதுங்கோ” என்றார்.

ஸ்கூட்டிச் சத்தம் காட்டுக்குள் போய் மறையும்வரைக்கும் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் நின்ற பிறகும் புழுதி கொஞ்ச நேரம் பாதையில் நின்றது.

“ஆண்டி. நீ அங்க இருந்தனியோ? வின்சனைக் கண்டனியோ?”

“எல்லாரும் அங்கதானேண்ணே இருந்தோம். வின்சன் யாருன்னு எனக்குத் தெரியாது.” அவன் பிளாவை வாங்கில் சாய்ந்துவிடாமல் பார்த்து வைத்தான். “வராமப் போனவங்களுக்கும் வச்சாருன்னு நீங்க சொன்னீங்க. அப்படிப்பட்ட ஆளு, அவனுக்கும் ஒண்ணு வச்சிருப்பாருன்னு நெனச்சேன். வேற யாரும் வைக்கல.”

“உன்ர தம்பிக்கு என்ன பேர்?”

“மாரிமுத்து.”

ஒன்பது வருஷம், தினமும் இரண்டு பிளா, தினமும் ஒரு மணித்தியாலம். இப்படி ஒரு தம்பி இருந்தது தவராசாவுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியில்லை, கதைத்தது முழுக்க அவர்தான். தன்னைப்போல் ஒரு தனி ஆள் இந்த வன்னியில் வேறு இல்லை என்று நினைத்துக்கொண்டு, எதிர் வாங்கில் இருந்தவனுக்கு ஒன்பது வருஷமாகக் கதை சொல்லியிருக்கிறார்.

அவர் முட்டியைச் சரித்து ஆண்டியப்பனின் பிளாவை நிரப்பினார். பிறகு தனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டு, மனேஜர் இருக்கிற கதிரையில் இராமல், எதிர் வாங்கில் வந்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தார்.

“மாரிமுத்து எப்பிடிப்பட்ட ஆள்?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, பெரிய கஷ்டப்பட்டு, வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஆண்டியப்பன் சொல்லத் தொடங்க நெடுநேரம் எடுத்தான். சொல்லிப் பழகாதவன். “மரம் ஏறத் தெரியாதுண்ணே அவனுக்கு” என்றான் முதலில். “கீழ நின்னுக்கிட்டு, பாத்து ஏறு, பாத்து ஏறுன்னு கத்துவான்.” பிறகு இன்னும் கொஞ்சம் சொன்னான். வெயில் வாங்கின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்குப் போகுமட்டும் சொன்னான். சங்கத்து வாகனம் வந்து ஹோர்ன் அடித்தது. இருவரும் எழும்பவில்லை. சாரதி தானே இறங்கி, கள்ளுக் கானை ஏற்றிக்கொண்டு போனான்.

கனகராயன்குளத்துச் சமாதான நீதவான் சத்தியக் கடதாசிக்கு முத்திரை குத்தினார். இரண்டு மாதம் கழித்துச் சங்கத்திலிருந்து பதில் வந்தது: தவறணை மூடப்படாது. பழைய தகரத்தைக் கழற்றிப் புதுத் தகரம் போட்டார்கள். முகப்பில் நீலப் பெயின்ரில் ‘கரடிபிடிச்சான் பழைய தவறணை, 1956’ என்று எழுதினார்கள். பெயின்ரர் கரடி ஒன்றும் கீறித் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம், அது பார்த்தால் கோவிக்கும் என்று தவராசா சொல்லிவிட்டார். கூட்டம் ஒன்றும் கூடவில்லை. பொங்கலுக்கு வந்த இளந்தாரிகள் இரண்டு பேர் அந்த எழுத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, பியர் ரின்னோடு குளக்கட்டுக்குப் போனார்கள். ஆண்டியப்பன் மட்டும் தினமும் வருகிறான். கொண்டுவருபவனும் அவன்தான், குடிப்பவனும் அவன்தான். இப்போது ஒருநாள் தவராசா கதைப்பார், மறுநாள் அவன் கதைப்பான். அவன் முறை வருகிற நாட்களில் பெரும்பாலும் இருவரும் சும்மாதான் இருப்பார்கள்.

கரடிபிடிச்சானில் முதன்முதலாகத் தவறணை திறந்தது இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு ஆவணி மாதம். முதலாவது மனேஜர் தவராசா. நாடா வெட்ட அவர் கையில் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தவர், அப்போது சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த தாட்சாயினி.